உதிர்ந்த தோல்களின் சரித்திரம்

உஷ்ணமண்டலக் காடுகளுக்கு ஐரோப்பியர் சென்று திரும்பிய நெடுங்காலக் கதையில் நாம் பெரும்பாலும் கேள்விப்படுவன கிராம்பும் சாதிக்காயும், சுரமருந்துக்கு மூலமான சின்கோனாப் பட்டையும், சீமான்களின் கண்ணாடி வீடுகளை அலங்கரிக்க வந்த ஆர்க்கிட் மலர்களும், கூண்டில் அடைபட்டுக் கப்பலேறிய விலங்குகளுமே. விலைபோகும் பண்டத்தைத் தேடிப் போனவர்களின் பிரயாணங்களே சரித்திர நூல்களில் விரிவாக இடம்பெற்றிருக்கின்றன. எனினும் அதே காடுகளின் ஓடைக்கரைகளில் குனிந்து நின்று, எந்தச் சந்தையிலும் காலணாப் பெறாத ஒரு சின்னஞ்சிறு பூச்சியை, அதிலும் அந்தப் பூச்சி கழற்றிவிட்டுப் போன தோலை, வலையால் வடித்தெடுத்துச் சீசாவில் சேர்த்துக்கொண்டு திரும்பிய சிலரும் இருந்தார்கள். அவர்களுடைய தொழிலின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அந்த வரலாற்றில் போர் உண்டு, சாம்ராஜ்யம் உண்டு, தேச எல்லைகளைத் தாண்டிய சிநேகமும் உண்டு. பெரியவற்றைப் பற்றிய ஞானத்துக்குச் சிறியவற்றின் வழியாகவே வாசல் திறந்த விந்தையும் அதில் உண்டு.

கடியாக் கொசு என்று இங்கே நான் குறிப்பிடுவது கைரோனோமிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஈயினம். பார்வைக்குக் கொசுவைப் போலவே இருக்கும் இது, கொசுவுக்குரிய நீண்ட ஊசிமூக்கு இல்லாதது. யாரையும் குத்தி இரத்தம் குடிப்பதில்லை. ஆண் பூச்சியின் உணர்கொம்புகள் மெல்லிய இறகுபோல் விரிந்திருக்கும். இளைப்பாறும்போது கொசு பின்னங்கால்களைத் தூக்கிக்கொள்ள, இது முன்னங்கால்களைத் தூக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்திவேளையில் குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் புகைபோலத் திரண்டு ஆடும் கூட்டங்கள் பெரும்பாலும் இவற்றினுடையவையே. வளர்ந்த பூச்சியின் ஆயுள் சில நாட்கள்தான். அந்தச் சொற்ப காலத்திலும் பெரும்பாலான இனங்கள் சரிவர உண்பதுகூட இல்லை. அதன் மெய்யான வாழ்க்கை முழுவதும் நீருக்கடியில், புழுப்பருவத்தில் கழிந்துவிடுகிறது. மீன் வளர்ப்போர் இரையாக வாங்கும் செந்நிற இரத்தப்புழு இக்குடும்பத்துச் சில இனங்களின் புழுவே. அதன் உடம்பிலும் நம்முடைய குருதியில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால், பிராணவாயு மிகக் குறைந்த சேற்றிலும் அது பிழைத்திருக்க வல்லது. தென்துருவக் கண்டத்தின் கரையோரத்திலும் இமயத்தின் பனியாற்றிலும் கூட இக்குடும்பத்தின் பிரதிநிதிகள் உண்டு என்றால், இதன் பரவலை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இக்குடும்பத்துக்குப் பெயர் தந்த கைரோனோமஸ் என்ற பேரினப் பெயரை 1803-ஆம் வருஷத்தில் இட்டவர் மைகன் என்ற ஜெர்மானியர். அதன்பின் நூறு வருஷகாலம் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் தங்கள் ஊர்ப் பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்து விவரித்து வந்தார்கள். உஷ்ணமண்டலத்துக் கடியாக் கொசுக்களை மிகப் பெரிய அளவில் விவரிக்கத் துணிந்த பெருமை, காட்டை நாடிச் செல்லாத ஒரு பாதிரியாரையே சாரும். பிரான்ஸும் ஜெர்மனியும் மாறி மாறி உரிமை கொண்டாடிய லொரேன் பிரதேசத்தில் பிட்ச் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கேயிருந்த கத்தோலிக்கப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த ஜான் ஜாக் கீஃபர் (1857–1925) வகுப்பறையிலிருந்து மீண்ட பொழுதெல்லாம் நுண்பெருக்காடியின் முன்னே அமர்ந்தார். ஆப்பிரிக்காவிலிருந்தும், பார்மோசாத் தீவிலிருந்தும், இந்தியாவிலிருந்தும் அவருக்குப் பொட்டலங்கள் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து அவர் புதிய இனங்களையும் பேரினங்களையும் ஏராளமாக ஸ்தாபித்தார்.

நம் தேசத்தோடு இச்சரித்திரத்துக்குள்ள முதல் தொடர்பும் கீஃபர் வழியாகவே ஏற்பட்டது. கல்கத்தாவில் இந்தியப் பொருட்காட்சிசாலையின் தலைமைப் பொறுப்பை வகித்த நெல்சன் அனந்தேல், குளம் குட்டைகளின் ஜீவராசிகளில் தீராத ஈடுபாடு கொண்டவர். பின்னர் 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்தவர். அக்காட்சிசாலையின் பிரசுரத் தொகுதியொன்றில் 1910-ஆம் வருஷத்தில் கீஃபர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கீழை இந்தியக் கடியாக் கொசுக்கள் பற்றிய நீண்ட ஆராய்ச்சி வெளியாயிற்று. இந்தியக் கடியாக் கொசுக்களைப் பற்றி இன்று ஆராயப் புகும் எவரும் அந்தக் கிரந்தத்தைத் தொடாமல் மேலே செல்ல முடியாது. ஆனால் கீஃபரின் விவரங்கள் பலவும் மிகச் சுருக்கமானவை. காய்ந்துபோன பூச்சியின் நிறத்தையும் சிறகின் நரம்பையும் சொல்லி நிறுத்திய அவ்வரிகளைக் கொண்டு, பின்வந்தவர்கள் எந்தப் பூச்சி எது என்று தெளிய முடியாமல் பல சமயங்களில் திகைத்தார்கள். அந்தப் பூச்சி எந்த நீரில் வளர்ந்தது, அதன் புழு எப்படியிருந்தது, என்ன உண்டது என்ற கேள்விகளுக்கோ அவ்விவரங்களில் இடமே இல்லை.

இக்குறையை நீக்கும் மார்க்கத்தைக் காட்டியவர் ஆகஸ்ட் தீனெமான். 1882-இல் கோத்தா நகரில் பிறந்து, மூன்ஸ்டரில் இளம் ஆசிரியராக இருந்த அவர், கீஃபர் இந்தியப் பூச்சிகளை விவரித்த அதே 1910-இல், கடியாக் கொசுக்களின் கூட்டுப்புழுத் தோல்களைச் சேகரிப்பது பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். தம்மோடு உழைக்க முன்வருமாறு அறிஞர் அனைவருக்கும் விடுத்த விண்ணப்பமாகவே அவர் அதை அமைத்திருந்தார். புழு வளர்ந்து கூட்டுப்புழுவாகி, முதிர்ந்ததும் நீரின் மேற்பரப்புக்கு எழும்பி வருகிறது. அங்கே தோலின் முதுகு பிளக்க, பூச்சி சில கணங்களுக்குள் வெளிவந்து பறந்துவிடுகிறது. அது விட்டுச்சென்ற தோல் உடனே அமிழ்ந்துவிடாமல் ஒன்றிரண்டு நாட்கள் மிதந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசையில் சென்று, கரையோர நுரையிலும் விழுந்துகிடக்கும் மரக்கட்டைகளின் மறைவிலும் ஒதுங்குகிறது. அந்தத் தோலை வீணென்று கருதாமல் வாரியெடுங்கள் என்பதே தீனெமானின் வேண்டுகோள்.

இம்முறையின் நுட்பத்தைச் சற்று நின்று கவனிப்பது தகும். சில மில்லிமீட்டரே நீளமுள்ள அந்தத் தோலில், கூட்டுப்புழு மூச்சுவிட்ட கொம்புகளும், வயிற்று வளையங்களில் வரிசை வரிசையாக நின்ற முட்களும், வால்நுனியின் மயிர்களும் அப்படியே பதிந்திருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வமைப்பு வெவ்வேறாக இருப்பதால், தேர்ந்த கண்ணுக்குத் தோல் ஒன்றே இனத்தைச் சொல்லிவிடும். ஓடையின் குறுக்கே நுண்ணிய வலையை ஓர் இரவு கட்டிவைத்தால், மேலே நெடுந்தூரம் வரையில் கல்லிடுக்கிலும் மணலிலும் இலைச்சருகிலும் மறைந்து வாழ்ந்த இனங்களின் தோல்களெல்லாம் தாமாகவே வந்து வலையில் சேரும். எவ்வுயிரையும் கொல்லாமல், கற்களைப் புரட்டாமல், ஓர் ஓடையின் குடிமக்களைக் கணக்கெடுக்க இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. அபூர்வமாகச் சில சமயங்களில், வெளிவரும் தறுவாயில் இறந்துபோன கூட்டுப்புழு ஒன்று அகப்படும். அதன் தோலுக்குள்ளே வளர்ந்த பூச்சி முழுமையாகத் தெரியும், வால்பக்கத்தில் புழுவின் கடைசித் தோலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று பருவங்களும் ஒன்றே என்பதற்கு அதைக் காட்டிலும் உறுதியான சாட்சியம் கிடையாது.

தீனெமானின் அழைப்புக்குச் செவிசாய்த்தவர்களுள் முதன்மையானவர் ஆசிரியராயிருந்த யான் ஸவ்ரெல் (1879–1946) என்ற செக் அறிஞர். பிற்காலத்தில் புர்னோ நகரத்து மாசரிக் சர்வகலாசாலையில் பேராசிரியரானவர். ஐரோப்பா முழுவதும் பீரங்கிப் புகையில் மூழ்கியிருந்த 1916-ஆம் வருஷத்தில், தீனெமானும் ஸவ்ரெலும் கூடி எழுதிய ஒரு நீண்ட ஆராய்ச்சி வெளிவரத் தொடங்கிற்று. கடியாக் கொசுக்களில் டானிபோடினே என்று ஓர் உட்குடும்பம் உண்டு. மற்றவற்றின் புழுக்கள் பெரும்பாலும் சேற்றாலும் பட்டிழையாலும் குழாய்க் கூடு கட்டி அதற்குள் வசிக்க, இவ்வுட்குடும்பத்தின் புழுக்களோ கூடு கட்டாமல் திரிந்து, பிற சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்பவை. இவற்றின் வளர்பருவங்களை ஒழுங்குபடுத்துவதே அவர்கள் மேற்கொண்ட காரியம். அந்த உட்குடும்பத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இச்சரித்திரத்தின் நூலிழை அதன் வழியாகவே செல்கிறது.

தீனெமான் 1917-இல் வட ஜெர்மனியில் ப்ளோன் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்த நீருயிரியல் நிலையத்தின் தலைவரானார். அதற்கு முன்பே ஐஃபெல் மலைப் பிரதேசத்தின் எரிமலைவாய் ஏரிகளை ஆராய்ந்து அவர் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்திருந்தார். ஆழத்திலும் பிராணவாயு குன்றாத தெளிந்த ஏரிகளின் அடித்தரையில் டானிடார்சஸ் என்ற கூட்டத்தின் புழுக்கள் வாழ்கின்றன; கோடையில் ஆழநீர் பிராணவாயுவை இழக்கும் வளமிக்க ஏரிகளின் அடித்தரையிலோ செந்நிறக் கைரோனோமஸ் புழுக்களே நிலைக்கின்றன. ஆகவே ஓர் ஏரியின் குணத்தை அதன் அடியிலுள்ள கொசுப்புழுவைக் கொண்டே வகுத்துவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். உலகின் ஏரிகளையெல்லாம் வகைப்படுத்த முயன்ற புதிய விஞ்ஞானத்துக்கு அது ஓர் அஸ்திவாரமாயிற்று. குளிர்நாட்டில் கண்ட இவ்விதி, குளிர்காலமே இல்லாத உஷ்ணமண்டல நீர்நிலைகளுக்கும் பொருந்துமா? இந்த வினாதான் அவரை ஜாவாவுக்கு அழைத்துச் சென்றது.

அக்காலத்தில் டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவு, காட்டை ஆராய விரும்பிய ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு ஒரு தீர்த்த ஸ்தலமாகவே விளங்கிற்று. பாய்ட்டன்சார்க் என்று அன்று வழங்கிய போகோரில் 1817-இல் நிறுவப்பட்ட தாவரத் தோட்டத்தை, மெல்கியோர் ட்ரோப் என்ற தலைவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகப் பிரசித்தமான ஆராய்ச்சிக் கூடமாக உயர்த்தினார். அயல்நாட்டு அறிஞர் வந்து தங்கி வேலை செய்வதற்கென்றே அவர் அங்கே ஒரு பரிசோதனைச் சாலையையும் ஏற்படுத்தினார். அதன் கிளையாக, கெடே, பாங்ராங்கோ என்ற இரட்டை எரிமலைகளின் சரிவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், 1852-இல் தொடங்கிய சிபோதாஸ் மலைத்தோட்டம் இருந்தது. அத்தோட்டத்தை அடுத்த கன்னிக்காட்டில் ஒரு பகுதி 1889-லேயே ஆராய்ச்சிக்கென்று காப்புக்காடாக ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கு வந்தவர்களின் கவனம் மரங்களிலும் பாசிகளிலும் பெரணிகளிலுமே பெரும்பாலும் லயித்திருந்தது. ஓடைநீரைக் குனிந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே.

1928-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் தீனெமானும், ஆஸ்திரியாவின் லுன்ஸ் நிலையத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ருட்னரும், மூன்ஸ்டரைச் சேர்ந்த ஃபாயர்போர்னும் ஜாவாவில் வந்திறங்கினார்கள். ஜெர்மானிய நீரியல் சுந்தாப் பிரயாணம் என்று பெயர்பெற்ற அந்த யாத்திரை 1929-ஆம் வருஷத்தின் நடுப்பகுதி வரை நீடித்தது. கிழக்கு ஜாவாவில் லமோங்கன் எரிமலையைச் சுற்றியுள்ள ரானு என்னும் சிறு ஏரிகள், சுமத்திராவில் ஐந்நூறு மீட்டர் ஆழமுள்ள தோபா ஏரி, சிங்காராக், மனிஞ்சாவு, பாலித் தீவின் பாத்தூர், பிராத்தான் ஆகிய நீர்நிலைகளில் அவர்கள் படகில் சென்று ஆழம் பார்த்து, வெப்பம் அளந்து, அடித்தரைச் சேற்றைக் கோரி எடுத்தார்கள். ஏரிகளோடு நில்லாமல், அருவிகளின் ஈரப்பாறை, வெந்நீர் ஊற்று, நெல்வயல், மரப்பொந்து என்று நீர் தேங்கிய இடமெல்லாம் அவர்களுக்கு ஆராய்ச்சிக் களமாயிற்று.

ஏரிகளைப் பற்றி அவர்கள் கண்டது பழைய நினைப்பை மாற்றுவதாயிருந்தது. உஷ்ணமண்டல ஏரியில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் வெப்பவித்தியாசம் சில பாகைகளே இருப்பதால், அது எளிதில் கலந்துவிடும் என்று ஒருவர் எண்ணக்கூடும். ஆனால் நீரின் அடர்த்தி வெப்பத்தோடு ஒரே சீராகக் குறைவதில்லை. 24 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையே உண்டாகும் அடர்த்தி வித்தியாசம், 4 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையே உண்டாவதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. ஆகவே அற்பமென்று தோன்றும் வெப்பவித்தியாசமே வெப்பநாட்டு ஏரியை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கப் போதுமானது என்பதை ருட்னரின் அளவுகள் நிலைநாட்டின. அடிநீர் பிராணவாயு இழந்து கிடந்த அவ்வேரிகளில், குளிர்நாட்டு ஏரிகளுக்கென்று தீனெமான் வகுத்த பாகுபாட்டை மாற்றமின்றிப் பொருத்த இயலவில்லை. தம் சொந்த விதியைச் சோதிக்கவே கடல்கடந்து சென்ற அவர், அதன் எல்லையை அறிந்து திரும்பியதைத் தோல்வியென்று கருதவில்லை.

காட்டு நீரின் மற்றோர் அதிசயமும் அந்தப் பிரயாணத்தில் வெளிப்பட்டது. நெபந்தஸ் என்ற குடுவைச்செடி தன் இலைநுனியைக் குடுவையாக்கி, அதில் விழும் பூச்சிகளைச் செரித்து உண்பது. பூச்சிகளுக்கு மரணக்கிணறான அக்குடுவை நீரிலேயே பிறந்து வளரும் ஈக்களும் கொசுக்களும் இருக்கின்றன. 1932-இல் தீனெமான் வெளியிட்ட ஆராய்ச்சி, குடுவையில் தற்செயலாகத் தென்படுவன, அதை விரும்பி வருவன, அதைத் தவிர வேறெங்கும் வாழாதன என்று அந்த ஜீவராசிகளை மூன்றாகப் பகுத்துக் காட்டிற்று; இன்றும் குடுவைச்செடிகளை ஆராய்வோர் இப்பாகுபாட்டையே எடுத்தாளுகிறார்கள். மரப்பொந்தும் மூங்கிற்கணுவும் இலைக்கவட்டும் ஏந்திய நீரைப் பற்றி 1934-இல் இன்னொரு விரிவான நூற்பகுதியும் அவர் எழுதினார். மழைக்காட்டில் நீர் என்பது தரையில் மட்டும் இருப்பதன்று, மரத்துக்கு மரம் உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது என்ற எண்ணம் இவ்வாராய்ச்சிகளால் வலுப்பெற்றது.

கொண்டுவந்த சீசாக்களைப் பிரித்து ஆராயத் தனி ஒருவர் ஆயுள் போதாதாகையால், தீனெமான் அவற்றைப் பல தேசத்து நிபுணர்களுக்குப் பங்கிட்டு அனுப்பினார். வளர்ந்த கடியாக் கொசுக்கள் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலைக்குச் சென்றன. அங்கிருந்த ஜொஹான்சன் 1932-இல் அவற்றை விவரித்தார். சுமத்திரா, ஜாவாவின் டானிபோடினே புழுக்களையும் கூட்டுப்புழுத் தோல்களையும் ஸவ்ரெல் 1933-இல் ஆராய்ந்து வெளியிட்டார். மற்றொரு பெரும் பிரிவின் புழுக்களைப் ப்ளோன் நிலையத்தின் லென்ஸ் 1937-இல் விவரித்தார். ஒரே காட்டின் சிறு உயிர்களுக்காக அமெரிக்கரும் செக்கரும் ஜெர்மானியரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷங்களிலேயே ஐரோப்பாவில் மற்றொரு மகாயுத்தம் மூண்டுகொண்டிருந்தது. 1939 நவம்பரில் நாஜிகள் செக் சர்வகலாசாலைகள் அனைத்தையும் மூடிவிட்டார்கள். ஸவ்ரெலின் சர்வகலாசாலையும் அவற்றுள் ஒன்று. யுத்தம் முடிந்து மறுவருஷம் அவர் காலமானார். ஸவ்ரெலியா, ஸவ்ரெலியெல்லா என்று அவர் பெயரால் ஸ்தாபிக்கப்பட்ட பேரினங்கள் இன்றும் வழங்குகின்றன. தீனெமானின் பெயரைத் தாங்கிய தீனெமானியெல்லாவும், கீஃபரின் பெயரைத் தாங்கிய கீஃபெருலஸும் அவ்வாறே நிலைத்திருக்கின்றன.

யுத்தத்துக்குப் பின், தம் எழுபத்திரண்டாம் வயதில், 1954-இல், கைரோனோமஸ் என்ற பெயரிலேயே 834 பக்கங்கள் கொண்ட பெருநூலைத் தீனெமான் வெளியிட்டார். அதுவரை அறிந்த கடியாக் கொசுக்களின் வாழ்க்கை, பரவல், பொருளாதாரப் பயன் அனைத்தும் அதில் அடங்கின. அவருடைய நிழலில் பயின்று, அவர் தொழிலைத் தொடர்ந்தவர் எர்ன்ஸ்ட் யோசப் ஃபிட்காவ் (1927–2012). பழைய டானிபோடினே உட்குடும்பத்தையே இவரும் எடுத்துக்கொண்டு, பூச்சி, கூட்டுப்புழு, புழு என்ற மூன்று பருவங்களின் சாட்சியத்தையும் ஒருங்கே வைத்து அதைப் புதிதாக ஒழுங்குபடுத்தினார்; 1962-இல் வெளிவந்த அந்நூல் அத்துறையின் ஆதார கிரந்தங்களுள் ஒன்று. அந்நூல் அச்சேறிய காலத்தில் ஃபிட்காவ் அமேசான் நதியின் நடுப்பிரதேசத்தில், மனாவுஸ் நகரைச் சுற்றிய காடுகளில் இருந்தார்.

அமேசானின் நீரை வெண்ணீர், கருநீர், தெளிநீர் என்று 1950-இல் வகுத்துக்காட்டிய ஹரால்ட் சியோலியே ப்ளோனில் தீனெமானுக்குப் பின் தலைமை ஏற்றவர். அவர் காட்டிய வழியில் சென்ற ஃபிட்காவ், வான்முட்டும் மரங்களுக்கிடையே ஓடும் சிற்றோடைகளின் நுரையில் கடியாக் கொசுத் தோல்களை வாரினார். இனங்களோ எண்ணி மாளாதவை. ஆனால் ஒவ்வோர் இனத்திலும் அகப்பட்ட எண்ணிக்கை சொற்பம். அந்த நீரில் உப்புச்சத்து மிகமிகக் குறைவு. கண்ணைப் பறிக்கும் பசுமையைத் தாங்கிய மண் உண்மையில் ஏழை மண் என்பதும், காட்டின் செல்வம் மண்ணில் இல்லாமல் உயிருள்ள மரங்களின் உடலிலேயே சுழன்றுகொண்டிருக்கிறது என்பதும் இவ்வாராய்ச்சிகளால் தெளிவாயின. 1973-இல் அவரும் கிளிங்கே என்பவரும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, நடு அமேசானில் ஒரு ஹெக்டேர் காட்டின் தாவரங்கள் பச்சை எடையில் ஏறத்தாழ ஆயிரம் டன். அத்தனை தாவரங்களையும் நம்பி வாழும் மிருகங்கள், பட்சிகள், பூச்சிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 200 கிலோவே.

கொசுத்தோலில் தொடங்கிய கண் முதலை வரைக்கும் சென்றது. தோலுக்காக முதலைகளைச் சுட்டொழித்தால் மீன் பெருகும் என்று எதிர்பார்க்கப்பட்ட கிளைநதிமுக ஏரிகளில் மீன் குறைந்துபோயிற்று என்ற செய்தியை ஃபிட்காவ் ஆராய்ந்து, 1970-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். வலசை வரும் மீன்களைத் தின்ற முதலைகள் கழித்த கழிவே அந்த ஏழை நீருக்கு உரமாகி, மீன்குஞ்சுகளின் உணவுக்கு ஆதாரமாக இருந்தது என்பது அவருடைய கருத்து. ஒரு நீர்நிலையின் உப்பையும் உரத்தையும் நுண்ணுயிரையும் கணக்கிடப் பழகிய மனத்துக்கே அவ்வித ஊகம் தோன்றக்கூடும்.

இந்தப் பரம்பரையின் அடுத்த கண்ணி சிங்கப்பூரில் பிணைந்தது. அத்தீவின் கடியாக் கொசுக்களை ஆராய்ந்த கருணாகரன் என்பவர் 1969-இல் டானிபோடினே உட்குடும்பத்தில் ஒரு புதிய பேரினத்தைக் கண்டு, அவ்வுட்குடும்பத்தை ஒழுங்குபடுத்தியவரைக் கௌரவிக்கும் வகையில் அதற்கு ஃபிட்காவிமியா என்று பெயரிட்டார். சிங்கப்பூரிலிருந்து முதலில் அறியவந்த அப்பேரினம், பின்னர் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் இருப்பது தெரியவந்தது. 1996-இல் பிரேசிலிலிருந்து விவரிக்கப்பட்ட அதன் இனமொன்றின் புழு, இரையைத் துரத்தாமல் பதுங்கிக் காத்திருந்து பிடிப்பதாகக் கண்டறியப்பட்டது. விஞ்ஞானிகளுக்குள்ளேயே மிகச் சிலர் மட்டும் அறிந்த இந்தப் பேரினத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு நிற்கிறது! 1910-இன் விண்ணப்பம், 1916-இன் கூட்டு ஆராய்ச்சி, 1933-இல் ஸவ்ரெல் பிரித்துப் பார்த்த ஜாவாத் தோல்கள், 1962-இன் கிரந்தம் ஆகிய அத்தனையும் இருந்ததால்தான், இது புதியது என்று ஒருவர் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. முன்னே அறிந்தவற்றின் ஒழுங்கான கணக்கு இல்லாத இடத்தில் புதியதைப் புதியதென்று காண யாராலும் ஆகாது.

இத்தொழிலின் பயன் கொசுவோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு ஸ்வீடன் தேசத்து லார்ஸ் புரூண்டின் (1907–1993) மற்றொரு சாட்சி. தென் அமெரிக்கா, நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் குளிர்ந்த மலையோடைகளில் கடியாக் கொசுக்களைச் சேகரித்து, அவற்றின் உறவுமுறைகளை அவர் மிக நுட்பமாக ஆராய்ந்தார். கடலால் பிரிந்த அந்நிலங்களின் இனங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சுற்றமென்றும், அவை தென்துருவக் கண்டத்தின் வழியாக ஒருகாலத்தில் இணைந்திருந்த நிலப்பரப்பில் வாழ்ந்தவையென்றும் 1966-இல் நிறுவினார். கண்டங்கள் நகர்ந்தன என்ற கொள்கையைப் பல அறிஞர்கள் ஏற்கத் தயங்கிய காலம் அது. சில மில்லிமீட்டர் பூச்சியின் சுற்றமுறை, பூமியின் சரித்திரத்துக்கே ஆதாரப் பத்திரமாயிற்று.

இத்தனையும் சொன்னபின், இச்சரித்திரத்தில் எழுதப்படாத பக்கத்தையும் நாம் நினைக்க வேண்டும். ஜாவாவிலும் சுமத்திராவிலும் அமேசானிலும் இவ்வாராய்ச்சிகள் நிகழ்ந்தது அந்நியரின் ஆட்சியோ அந்நியரின் பணமோ திறந்துவிட்ட வழியில். ஏரியில் துடுப்புப் போட்டவர்களும், ஓடைக்குப் பாதை காட்டியவர்களும், சுமை தூக்கி மலையேறியவர்களும் அந்த மண்ணின் ஜனங்கள். பேராசிரியர்களின் பெயர்கள் பேரினங்களில் நிலைத்திருக்க, ஓடக்காரரின் பெயரைத் தாங்கிய பேரினம் எதுவும் என் பார்வைக்குக் கிட்டவில்லை. சேகரிப்புகளும் பெரும்பாலும் காட்டை விட்டு நெடுந்தூரத்திலுள்ள நகரங்களுக்கே போய்ச் சேர்ந்தன. ஆகவே இனி இத்தொழில் அந்தந்த மண்ணின் மக்களாலேயே நடைபெற வேண்டுமென்பது நியாயமும் அவசியமும் ஆகும்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கடியாக் கொசு இனங்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. பெயரிடப்படாதவை அதைவிட அதிகமாக இருக்கலாமென்றும், அவற்றுள் பெரும்பகுதி உஷ்ணமண்டலக் காடுகளில் இருப்பவை என்றும் நிபுணர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள். ஃபிட்காவிமியாவை முதலில் அளித்த சிங்கப்பூர்த் தீவின் ஆதிக்காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. சுமத்திராவின் சமவெளிக் காடுகள் பல எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாகிவிட்டன. மரம் வெட்டப்பட்டால் நிழல் போகிறது. நிழல் போனால் ஓடைநீர் சூடேறுகிறது, சேறு படிகிறது, உதிர்சருகு நின்றுபோகிறது. அச்சருகிலும் குளிர்ச்சியிலும் வாழ்ந்த புழு, பெயர் பெறாமலேயே மறைகிறது. ஒரு பேரினத்தை அறிய ஐம்பது அறுபது வருஷமும் பல தேசத்தாரின் உழைப்பும் தேவைப்படுகையில், அது வாழும் காட்டை அழிக்க ஒரு கோடைகாலமே போதுமானதாயிருக்கிறது.

நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளும் மழைக்காட்டு ஓடைகளே. கீஃபர் எழுதிய நாளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வருஷங்கள் கழிந்தும், பர்துவான் சர்வகலாசாலை முதலிய சில இடங்களில் நடைபெற்ற சிரத்தையான ஆராய்ச்சிகள் நீங்கலாக, நம் நாட்டில் இத்துறைக்கு உழைத்தவர்கள் கொஞ்சமே. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நுண்ணிய வலை ஒன்று, சாராயம் நிரப்பிய சீசாக்கள் சில, ஒரு நுண்பெருக்காடி, இவற்றுக்கு மேலாகப் பொறுமை வேண்டும். தாமிரபரணியின் தலைப்பகுதியிலோ பவானியின் கிளையோடைகளிலோ நுரை ஒதுங்கும் மூலையில் மிதப்பதை வடித்தெடுத்து, இடமும் தேதியும் நீரின் தன்மையும் தவறாமல் குறித்து வைக்க மலையடிவார ஊர்களின் கல்லூரி மாணவர்களால் முடியும். அந்த ஓடைக்கு வழிகாட்டிய மலைவாசியின் பெயரையும் அதே சீட்டில் அவர்கள் எழுதிவைக்க வேண்டும். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவர்களை அந்த ஓடைகளுக்கு அழைத்துச் செல்லட்டும். சர்க்கார் அக்காடுகளைக் கோடரிக்குக் கொடாமல் காக்கட்டும். ஒத்துழைப்பு வேண்டி 1910-இல் விடுக்கப்பட்ட அந்த விண்ணப்பத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாம் அளிக்க வேண்டிய பதில் இன்னும் பாக்கியிருக்கிறது. அதை அளிப்பது நம் தலைமுறையின் கடமை.